‘சுகர் ஃப்ரீ’ பாக்கெட்டை வாங்கும் முன்: உணவு லேபிளில் சர்க்கரையைப் படிப்பது எப்படி?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரத்தில் பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது ஒன்றுதான். கடைக்குப் போய் ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட், ‘நோ ஆடட் சுகர்’ ஜூஸ், கருப்பட்டி மிட்டாய் என்று ஒரு பை நிறைய வாங்கி வருவோம். விலை கூடுதல்தான், ஆனாலும் மனசுக்கு ஒரு நிம்மதி. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் எண் இறங்கியே இருக்காது. எங்கள் அம்மாவுக்காக நான் லேபிள்களைப் படிக்க ஆரம்பித்தபோது சொல்லித்தர ஆள் இல்லை. கடையில் கேட்டால் “டயாபட்டீஸ்காரங்க எல்லாரும் இதைத்தாங்க வாங்குறாங்க” என்பார்கள். மருத்துவருக்கு நேரம் இருக்காது. விதிமுறைகளைத் தேடிப் படித்து, பாக்கெட் பாக்கெட்டாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விஷயம் பிடிபட்டது. நீங்களும் அவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்தில் இருக்கும் வாசகம், பாக்கெட்டுக்குள் சர்க்கரை எவ்வளவு என்பதைப் பற்றியது மட்டும்தான். அதைச் சாப்பிட்டால் உங்கள் ரத்தத்தில் சர்க்கரை ஏறுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. அந்தப் பதில் பின்பக்கம் இருக்கிறது.

இது இந்தியாவில் விற்கும் பாக்கெட்டுகளுக்கான வழிகாட்டி. வேறு நாட்டில் இருப்பவர்களுக்குச் சட்ட அளவுகள் கொஞ்சம் மாறும். மருந்து, இன்சுலின் அளவு பற்றி இதில் எதுவும் இல்லை. அதெல்லாம் உங்கள் மருத்துவரிடம் மட்டும்.

1. கடைக்குப் போகும் முன்

முதல் பாடத்துக்குக் கடைக்கே போக வேண்டாம். சமையலறை அலமாரியில் இருக்கும் பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் வையுங்கள். பிஸ்கட், பால் பவுடர், சத்துமாவு, சாஸ், ஊறுகாய், பிரெட், ஓட்ஸ், எதையும் விடாதீர்கள். ‘இதில் எங்கே சர்க்கரை இருக்கப்போகிறது’ என்று தோன்றுவதைக் கண்டிப்பாக எடுங்கள். தக்காளி சாஸில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம்.

தேவைப்படுபவை கொஞ்சம்தான். எழுத்து பொடியாக இருப்பதால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு செல்போன். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதற்கான ஸ்டிரிப், ஒன்று ஏறக்குறைய 15 முதல் 30 ரூபாய். இவற்றோடு உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு வாங்க வேண்டிய ஓர் எண்: ஒரு வேளைக்கு எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் வரை சாப்பிடலாம்? ‘இனிப்பைக் குறைங்க’ என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எண்ணாகக் கேளுங்கள். அது இல்லாமல் லேபிளைப் படித்தால் படித்தது பாதிதான் உதவும்.

கடைக்குப் போவது வார நாளில், மதிய நேரமாக இருக்கட்டும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க முடியாது. முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த தடவைகளில் புதிய பொருள்களுக்கு மட்டும்தான் நேரம் போகும்.

2. முன்பக்க வாசகத்துக்குச் சட்டம் சொல்லும் பொருள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2018இல் கொண்டுவந்த விளம்பரங்கள் மற்றும் உரிமைகோரல்கள் விதிமுறைகளில் இந்த வாசகங்களுக்கு அளவு குறித்திருக்கிறார்கள்.

‘சுகர் ஃப்ரீ’: 100 கிராமில் அல்லது 100 மில்லியில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது.

‘லோ சுகர்’: திடப் பொருளில் 100 கிராமுக்கு 5 கிராமுக்குள், திரவத்தில் 100 மில்லிக்கு 2.5 கிராமுக்குள்.

‘ரெட்யூஸ்டு சுகர்’, ‘லெஸ் சுகர்’: அதே மாதிரியான வேறொரு பொருளோடு ஒப்பிட்டால் குறைந்தது 25 சதவீதம் குறைவு. ஒப்பிடப்படும் பொருளில் 40 கிராம் இருந்தால் இதில் 30 கிராம் இருக்கும். 30 கிராம் என்பது குறைந்த சர்க்கரை இல்லை. எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் தேடிப் படியுங்கள்.

‘நோ ஆடட் சுகர்’: மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சர்க்கரை, குளுக்கோஸ், தேன், மொலாசஸ், கார்ன் சிரப் எதையும் தயாரிப்பில் சேர்த்திருக்கக்கூடாது. ஜாம், இனிப்பூட்டிய சாக்லேட் போல ஏற்கெனவே சர்க்கரை உள்ள பொருளையும் சேர்க்கக்கூடாது. சர்க்கரைக்குப் பதிலாகச் செறிவூட்டிய பழச்சாற்றையோ உலர்பழ விழுதையோ போட்டு இனிக்க வைப்பதும் கூடாது. ஆனால் அந்தப் பொருளில் இயற்கையாகவே இருக்கும் சர்க்கரைக்கு வரம்பு எதுவும் இல்லை. பழச்சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி சர்க்கரைகூடச் சேர்க்காத சாற்றில் 100 மில்லிக்கு 10, 12 கிராம் சர்க்கரை இருப்பது வழக்கம். 200 மில்லி டப்பாவைக் காலி செய்தால் 20 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு சிறிய கோலா பாட்டிலின் அளவு. உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் தேனையும், கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையின் கணக்கில்தான் சேர்க்கிறது. முழுப் பழம் வேறு. அதில் நார் இருக்கிறது, மென்று தின்ன நேரம் ஆகிறது.

‘100 சதவீதம் பழச்சாறு’: செறிவைத் தண்ணீரில் கலந்து திரும்பச் சாறாக்கும் பொருள்களில் இந்த வாசகத்தை நீக்கும்படி 2024 ஜூனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. சேர்த்த சர்க்கரை கிலோவுக்கு 15 கிராமைத் தாண்டினால் ‘ஸ்வீட்டன்டு ஜூஸ்’ என்று போட வேண்டும்.

‘ஹெல்த் டிரிங்க்’: இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு வகையே கிடையாது. மால்ட் பானங்களை இந்தத் தலைப்பின் கீழ் வைத்து விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தல் போனது. மளிகைக் கடைக்காரர் இன்னும் அதே பெயரில்தான் எடுத்துக் கொடுப்பார். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள்.

‘நேச்சுரல்’, ‘டிரெடிஷனல்’, ‘மல்டிகிரெய்ன்’, ‘நோ ரிஃபைன்டு சுகர்’, ‘பாட்டி கைப்பக்குவம்’ எதுவும் சர்க்கரை அளவைச் சொல்லும் வாசகம் இல்லை. சில பாக்கெட்டுகளில் ‘இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதில்லை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருக்கும். அதைக் கண்டால் முன்பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிட்டுத் திருப்புங்கள்.

3. பின்பக்க அட்டவணையில் மூன்று வரிகள்

‘நியூட்ரிஷனல் இன்ஃபர்மேஷன்’ என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதில் கார்போஹைட்ரேட், அதன் கீழே ‘டோட்டல் சுகர்ஸ்’, அதற்கும் கீழே ‘ஆடட் சுகர்ஸ்’ என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டோட்டல் சுகர்ஸ் என்பது இயற்கையாக இருப்பதும் சேர்த்ததும் கூட்டி வரும் மொத்தம். ஆடட் சுகர்ஸ் என்பது தயாரிக்கும்போது சேர்த்தது மட்டும். கார்போஹைட்ரேட் வரியில் இந்தச் சர்க்கரையோடு மாவுச்சத்தும் அடங்கியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு முதலில் பார்க்க வேண்டிய வரி கார்போஹைட்ரேட்தான். நோய் எதுவும் இல்லை, குழந்தைகளுக்குச் சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்பவர்கள் ஆடட் சுகர்ஸ் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஓர் உதாரணம். 180 மில்லி பாதாம் பால் பாட்டிலில், 100 மில்லிக்கு டோட்டல் சுகர்ஸ் 11 கிராம், ஆடட் சுகர்ஸ் 6.5 கிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 4.5 கிராம் பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். தயிரிலும் வெறும் பாலிலும் இப்படி 4, 5 கிராம் காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது பாட்டில் முழுவதற்கும் கணக்குப் போடுங்கள். 6.5ஐ 1.8 ஆல் பெருக்கினால் 11.7 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 கிராம் என்று எடுத்தால் மூன்று கரண்டி.

இந்த இடத்தில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, ‘பெர் சர்வ்’ என்ற பரிமாறும் அளவு. நிறுவனம் எழுதும் அளவும் நாம் சாப்பிடும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. மால்ட் பவுடர் டப்பாவில் ஒரு சர்வ் 20 கிராம் என்று இருக்கும். வீட்டில் இரண்டு கரண்டி குவித்துப் போடுவோம். அந்தக் கரண்டியைத் தராசில் வைத்துப் பாருங்கள், 35 கிராம்கூட வரும். அதன் மேல் பாலில் தனியாகச் சர்க்கரை வேறு. இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது சர்வ் கணக்கை விட்டுவிட்டு 100 கிராம் கணக்கை மட்டும் பாருங்கள். சாப்பிடும்போது தராசு எடை. குழப்பமே வராது.

இரண்டாவது, ‘ஆர்.டி.ஏ. சதவீதம்’, அதாவது ஒரு நாளைக்குப் பரிந்துரைத்த அளவில் எத்தனை சதவீதம் என்ற கட்டம். ஒரு நாளைக்கு 50 கிராம் ஆடட் சுகர் என்ற அடிப்படையில் இந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அதுதான் மேல் எல்லை. ஆனால் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் 25 கிராமைத்தான் எல்லையாக வைக்கிறது. ஆகவே அந்தச் சதவீதத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பாதாம் பால் லேபிளில் 23 சதவீதம் என்று காட்டும், உங்கள் கணக்கில் அது 47. குழந்தைக்கு இன்னும் கூடும், ஏனென்றால் குழந்தை 2000 கலோரி சாப்பிடுவதில்லை.

மூன்றாவது, சின்னப் பாக்கெட். பாக்கெட்டின் மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் அட்டவணையும் பொருள்கள் பட்டியலும் அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. பல பாக்கெட்டுகளை அடைத்து வரும் வெளி உறையில் இருந்தால் போதும். மிட்டாய், சின்ன சாக்லேட் வாங்கும்போது பெரிய உறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

4. பொருள்கள் பட்டியல்: வரிசைதான் முக்கியம்

‘இன்கிரீடியன்ட்ஸ்’ பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

எனக்கு மிகவும் உதவிய உத்தி ஒன்று உண்டு. ஒரு பொருளை முன்பக்கத்தில் பெரிதாகக் காட்டி விற்றால், அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் எழுத வேண்டும். ராகி பிஸ்கட்டைத் திருப்புங்கள். ‘மைதா, சர்க்கரை, பாமாயில், ராகி மாவு 12 சதவீதம்’ என்று வரிசை இருந்தால், சர்க்கரை 12 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று அர்த்தம். பாமாயிலும் அப்படியே. ராகி நான்காவது இடத்தில்தான். சத்துமாவு, தினை லட்டு, ஓட்ஸ் குக்கீஸ், பாதாம் பானம் எல்லாவற்றுக்கும் இதே முறை. பாதாம் பானத்தில் பாதாம் எத்தனை சதவீதம் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

சர்க்கரைக்கு வேறு பெயர்களும் உண்டு. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், கோல்டன் சிரப், கார்ன் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், ஜாகரி, ஹனி, டேட் சிரப், ஃப்ரூட் ஜூஸ் கான்சென்ட்ரேட். ‘ஓஸ்’ என்று முடிந்தாலோ ‘சிரப்’ என்று வந்தாலோ நின்று பாருங்கள். இதில் சுக்ரலோஸ் சர்க்கரை இல்லை, அது இனிப்பூட்டி. செல்லுலோஸ் நார். ஒரே பிஸ்கட்டில் சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று மூன்று தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டினால் முதலிடத்துக்கே வரக்கூடும். அதனால்தான் பட்டியலை அட்டவணையோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைத் தனியாக மனதில் வையுங்கள். அட்டவணையில் அது சர்க்கரைக் கணக்கில் வராது, கார்போஹைட்ரேட்டில்தான் வரும். ஆனால் வயிற்றுக்குள் போனதும் வேகமாகக் குளுக்கோஸாக உடைந்துவிடும். புரதப் பவுடர், சூப் பவுடர், ‘நோ ஆடட் சுகர்’ என்று வரும் சத்துப் பானங்கள், ஸ்டீவியா பொடி என்று எதில் வேண்டுமானாலும் இருக்கும்.

5. ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்: ஒரு முழுக் கணக்கு

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு சுகர் ஃப்ரீ டைஜஸ்டிவ் பிஸ்கட் பாக்கெட்டில் 100 கிராமுக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கார்போஹைட்ரேட் 66 கிராம், அதில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி 14 கிராம், டோட்டல் சுகர்ஸ் 0.4 கிராம், கொழுப்பு 20 கிராம், 450 கலோரி. சர்க்கரை 0.5க்குள் இருப்பதால் வாசகம் சட்டப்படி சரி. ஒரு பிஸ்கட் 8 கிராம். காலையில் டீயோடு நான்கு சாப்பிட்டால் 32 கிராம், அதில் கார்போஹைட்ரேட் 21 கிராம். நடுத்தர அளவில் இரண்டு இட்லியில் இருப்பதற்குச் சமம். இட்லியை எண்ணிச் சாப்பிடுகிற அம்மா இதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார், ‘இதில்தான் சர்க்கரை இல்லையே’ என்று.

பக்கத்தில் சாதாரண மேரி பிஸ்கட்டை வையுங்கள். 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 77, சர்க்கரை 21 கிராம் என்று இருக்கட்டும். மேரி சன்னமானது, ஒன்று ஐந்தரை கிராம். நான்கு சாப்பிட்டால் 22 கிராம், கார்போஹைட்ரேட் 17 கிராம். மேரி நல்லது என்று சொல்ல வரவில்லை, அதில் நாலரை கிராம் சர்க்கரை போய்விடுகிறது. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டிலும் மைதாவும் கொழுப்பும் இருக்கின்றன, அவையும் உடம்புக்குள் போகின்றன. விலையோ பல நேரம் இரண்டு மடங்கு. எதை வாங்கினாலும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும்.

மால்டிட்டால் போன்ற பாலியால்கள், அதாவது சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டிகள், சர்க்கரையை விடக் குறைவாகத்தான் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், ஆனால் ஏற்றவே ஏற்றாது என்று இல்லை. ஆகவே கார்போஹைட்ரேட் வரியிலிருந்து அதை முழுசாகக் கழித்துவிடாதீர்கள்.

ஸ்வீட் கடைகளில் தட்டில் வைத்து விற்கும் ‘சுகர் ஃப்ரீ’ மைசூர்பாகு, பாதாம் கேக் எல்லாம் இதைவிடச் சிக்கல். உதிரியாக விற்பதால் அட்டவணையே இருக்காது. என்ன இனிப்பூட்டி போட்டிருக்கிறார்கள், பேரீச்சையா, அத்தியா, மால்டிட்டாலா என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். தெரிந்தாலும் கடலை மாவும் நெய்யும் கோவாவும் அப்படியேதான் இருக்கும். ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

6. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை

இதைச் சொன்னால் பல வீடுகளில் கோபம் வரும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, மணம் உண்டு, அதைச் செய்கிறவர்களின் உழைப்பு உண்டு. ரத்தச் சர்க்கரை விஷயத்தில் சலுகை இல்லை. தேன் பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். பேரீச்சையில் நார் இருந்தாலும் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை.

‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுதிய கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் சர்க்கரை நோய்க்கு ஏற்றவை ஆகிவிடாது. உணவுத் திருவிழாவில், சிறுதானியக் கடையில் வாங்கும்போது அட்டவணை இல்லாமல் வெறும் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் கருப்பட்டி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பிடித்ததென்றால் பண்டிகைக்குச் சாப்பிடலாம், இனிப்பு என்று கணக்கில் வைத்துச் சாப்பிடுங்கள்.

7. இனிப்பூட்டிகளை அடையாளம் காண்பது

பெயரை விட எண்ணாகத்தான் பல பாக்கெட்டுகளில் இருக்கும். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை. அதில் 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. பாலியால்களில் 420 சார்பிட்டால், 965 மால்டிட்டால், 967 ஸைலிட்டால், 968 எரித்ரிட்டால். இந்த வரியை ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பூட்டி சேர்த்தால் அதன் பெயரையும், குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்பதையும் லேபிளில் சொல்ல வேண்டும். அஸ்பார்டேம் இருந்தால் பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை இருக்கும். பாலியால் அதிகம் உள்ளதைச் சாப்பிட்டால் வயிறு ஊதும், பேதியாகும். முதியவர்களுக்குக் காரணம் புரியாத வயிற்றுப்போக்கு வந்தால் சுகர் ஃப்ரீ மிட்டாய் டப்பாவை ஒரு முறை பாருங்கள். வீட்டில் நாய் இருந்தால் ஸைலிட்டால் உள்ள சூயிங்கம், மிட்டாய் எதுவும் அதற்கு எட்டக்கூடாது. நாய்க்கு அது விஷம்.

உடல் எடையைக் குறைப்பதற்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மேயில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

8. ஒரு பொருள் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று வீட்டில் பார்ப்பது

லேபிள் எல்லாம் படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் குளுக்கோமீட்டர் இருக்கிறது. சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. அந்த நேரத்தில் அந்தப் பொருளை மட்டும், எடை போட்டுச் சாப்பிடுங்கள். நடைப்பயிற்சி, வேறு தின்பண்டம் எதுவும் நடுவில் வேண்டாம். தேதி, பொருள், கிராம், இரண்டு எண்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம். ஒரு பொருளுக்கு இரண்டு ஸ்டிரிப் என்றால் செலவு 30 முதல் 60 ரூபாய். எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டாம், அடிக்கடி வாங்கும் ஐந்தாறு பொருளுக்குச் செய்தால் போதும்.

9. சர்க்கரை இறங்கும்போது

இன்சுலின் போடுகிறவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கும். வீட்டில் எல்லாமே சுகர் ஃப்ரீயாக மாறிவிட்டால் அப்போது கைக்கு எட்டுவது டயட் கோலாவும் ஸ்டீவியாவும்தான். அவை அந்த நேரத்தில் துளியும் உதவாது. சாதாரணச் சர்க்கரை மூன்று தேக்கரண்டி நிறைய, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108க்கு அழையுங்கள். ஒரு டப்பாவில் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ போட்டு, பெயர் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். கைப்பையில் ஒரு பொட்டலம்.

10. லேபிள் பொய் என்று பட்டால்

முதலில் பாக்கெட்டில் உள்ள 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணை ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் போட்டுப் பாருங்கள். எந்த நிறுவனம், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

புகாருக்கு வேண்டிய ஆவணங்கள்: கடை பில், முன்பக்க வாசகத்தின் படம், அட்டவணையும் பொருள்கள் பட்டியலும் தெரியும் படம், பேட்ச் எண், தயாரித்த தேதி. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பொருளின் பக்கத்தை உடனே படமெடுத்து வையுங்கள், அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பில் இல்லாமல் வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

அதே செயலியில் புகார் பதியலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கட்டணமில்லா எண் 1800112100. தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப் செய்யலாம். விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எதற்கும் கட்டணம் கிடையாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்றால் அந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கும் உரிமை தருகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் செல்லாது. கட்டணம் கட்ட வேண்டும், குறை நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும். மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். சென்னை கிண்டி, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. போகும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் உங்கள் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.

அப்புறம், ஒரு தடவை படித்த பாக்கெட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். ‘புதிய சுவை’ என்றோ ‘மேம்படுத்தப்பட்டது’ என்றோ உறை மாறினால் உள்ளே இருக்கும் அளவுகளும் மாறியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் இன்னொரு முறை பின்பக்கத்தைத் திருப்பி அந்த மூன்று வரிகளைப் பாருங்கள்.